மெயிலை நம்பாதே கண்ணு, போனை எடு!

"அதெல்லாம் ஐ.டி. தம்பி பார்த்துக்குவாருக்கா." ஆபீஸ் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். ஏன் கண்ணு, அந்தத் தம்பி வாரத்துக்கு ஒருநாள் வந்து போகிறவர். மற்ற நாளெல்லாம் மெயிலைத் திறப்பது யார்? சப்ளையருக்குப் பணம் போடுவது யார்? சாவி உன் கையில் இருக்கும்போது பூட்டு மாட்டியவர் பார்த்துக்கொள்வார் என்று உட்கார்ந்திருந்தால் எப்படி?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவள் நான். பணம் பறிபோனதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் தெரியாததால் அது போகவில்லை. அவசரத்தில் போனது. "கேட்டா என்ன நினைப்பாங்களோ" என்ற கூச்சத்தில் போனது. உனக்கு நேரமில்லை என்று தெரியும். அதனால் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் டிப்ஸை இன்றைக்கே பிடித்துக்கொள், மற்றதைச் சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது படி.

1. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், பழைய நம்பருக்குப் போன் போடு

அந்த மெயிலிலேயே ஒரு போன் நம்பர் இருக்கும். அதற்குப் போடாதே. திருடன் எழுதிய மெயிலில் திருடன் நம்பர்தான் இருக்கும். உன் பழைய பில் ஃபைலில் இருக்கிற, நீ வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிற நம்பருக்குப் போடு. "அண்ணா, கணக்கு மாத்தியிருக்கீங்களா?" கேள்வி அவ்வளவுதான். இரண்டு நிமிஷ வேலை.

இந்த இரண்டு நிமிஷத்தை நாங்கள் ஒருமுறை மிச்சப்படுத்தினோம். நிட்டிங் மெஷினுக்கு ஊசி வெளிநாட்டிலிருந்து வரவழைப்போம். பல வருஷமாக ஒரே சப்ளையர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்களிடமிருந்து மெயில்: "ஆடிட் நடப்பதால் வழக்கமான கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்பவும்." பில் நம்பர் சரி. தொகை சரி. கீழே போன வாரம் நாங்கள் எழுதிய மெயில்கூட அப்படியே இருந்தது. பக்கத்து மேஜைப் பெண் விவரத்தைப் போட்டாள், நான் ஒப்புதல் கொடுத்தேன். 9 நாள் கழித்து உண்மையான சப்ளையர் கூப்பிட்டு, பணம் இன்னும் வரவில்லையே என்று கேட்டார். அப்புறம்தான் அந்த மெயில் முகவரியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' என்று இரண்டு எழுத்து ஒட்டி நின்றுகொண்டிருந்தது. சின்ன எழுத்தில் பார்த்தால் அசல் 'எம்'மேதான். 11 லட்ச ரூபாய். திரும்பி வரவேயில்லை.

அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னாள்: "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சுக்கா. முதலாளி பேத்தி காதுகுத்துல இருந்தாரு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்." முதலாளியைக் கூப்பிட முடியாவிட்டால் என்னைக் கேட்டிருக்கலாம். மாதக் கடைசியில் யாராவது சந்தேகம் கேட்டால் நான் எப்படி எரிந்து விழுவேன் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை. எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

எங்கள் பில் நம்பர் திருடனுக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் பெட்டியோ அவர்கள் பெட்டியோ, ஏதோ ஒரு மெயில் பெட்டிக்குள் நுழைந்து, பணம் போகிற நாள் வரும்வரை சத்தமில்லாமல் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு இருந்திருக்கிறான். அதனால் மாதம் ஒருமுறை உன் மெயில் செட்டிங்ஸைத் திறந்து 'ஃபார்வேர்டிங்', 'ஃபில்டர்' இரண்டையும் பார். உனக்குத் தெரியாத முகவரி அங்கே உட்கார்ந்திருந்தால், உனக்கு வருகிற கடிதமெல்லாம் அவனுக்கும் போகிறது என்று அர்த்தம்.

இதிலேயே எல்லோரும் ஏமாறுகிற இடங்கள் சில:

• லெட்டர்ஹெட் வந்திருக்கிறது, கேன்சல் செய்த செக்கின் படம் வந்திருக்கிறது என்று திருப்திப்படாதே. இரண்டையும் பத்து நிமிஷத்தில் தயார் செய்துவிடலாம்.

• "ஒரு ரூபாய் போட்டுப் பார்த்தேன், போய்ச் சேர்ந்துடுச்சு" என்பாய். திருடன் கணக்கிலும் ஒரு ரூபாய் போய்ச் சேரும்.

• ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்புமுன் பெறுகிறவர் பெயரை வங்கியே காட்டும் வசதி 2025 ஏப்ரலிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பெயரை நிறுத்திப் படி. கம்பெனிக்குப் போகிற பணத்தில் ஏதோ தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே கையை எடு.

2. முதலாளி குரலானாலும் முகமானாலும், திருப்பிக் கூப்பிட்டுக் கேள்

புது நம்பரிலிருந்து வாட்ஸ்அப். முகப்பில் முதலாளி போட்டோ. "மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே இந்தக் கணக்குக்கு அனுப்பு." இதைப் பார்த்ததும் கை நடுங்கி அனுப்பிவிடுகிற பிள்ளைகள் உண்டு. பேச முடியாது என்று அவன் எழுதுவதே நீ பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

வீடியோவில் முகத்தைப் பார்த்தால் நம்பலாம்தானே என்று கேட்காதே. ஆரப் என்ற பெரிய பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில் நடந்தது இது, 2024-இல் வெளியே தெரிந்தது. நிதித்துறைத் தலைவர் பெயரில் ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி ஊழியருக்கு மெயில் வந்தது. அவருக்கும் முதலில் சந்தேகம் வந்தது. அப்புறம் வீடியோ மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். தெரிந்த முகங்களைப் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. 15 தடவையாக 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அந்த மீட்டிங்கில் அவரைத் தவிர மற்ற எல்லோரும் கம்ப்யூட்டரில் செய்த போலி உருவங்கள்.

அதனால் போனை வை. உன் போனில் ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு நீயே திருப்பிக் கூப்பிடு. இன்னும் நல்லது, முதலாளியிடம் நேரில் பேசி ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள். அவசரப் பணம் என்றால் அந்தச் சொல் வராமல் ஒரு ரூபாய்கூட நகராது.

3. ஏதோ சரியில்லை என்று பட்டால், "வழக்கமான கோளாறு" என்று தள்ளாதே

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. வங்கதேசத்தின் மத்திய வங்கியில் ஒரு பிரிண்டர் வேலை செய்யவில்லை. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றச் செய்திகள் தானாக அச்சாகி விழும் பிரிண்டர் அது. அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. வழக்கமாக வருகிற கோளாறுதானே என்று இருந்துவிட்டார்கள். அதற்கு முந்தின இரவே, நியூயார்க்கில் இருந்த அவர்கள் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை அனுப்பச் சொல்லி அவர்கள் பெயரிலேயே உத்தரவுகள் போய்விட்டிருந்தன. பிரிண்டரை முடக்கியதும் திருடர்கள்தான். பெரும்பகுதி வழியில் நின்றுவிட்டாலும் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்து கைமாறிவிட்டது.

இன்னொரு 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அறக்கட்டளை பெயருக்குப் போயிருந்தது. 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லில் எழுத்துப்பிழை இருந்ததால், வழியில் இருந்த வங்கி "இது சரிதானா?" என்று விளக்கம் கேட்டது. அந்தப் பணம் தப்பியது. யாரோ ஒருவர் ஒரு எழுத்தைக் கவனித்துக் கூச்சப்படாமல் கேட்டதால் 2 கோடி டாலர் மிஞ்சியது, நினைத்துப் பார்.

திருடர்கள் உள்ளே நுழைந்த வழி தெரியுமா? வேலை கேட்டு பயோடேட்டாவோடு ஊழியர்களுக்கு வந்த மெயில். அதுவும் அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே.

இது எங்கோ நடந்தது என்று நினைக்காதே. 2018 பிப்ரவரியில் நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியிலும் பிரிண்டரை முடக்கிவிட்டு மூன்று பரிமாற்றங்களில் சுமார் 20 லட்சம் டாலரை அனுப்பப் பார்த்தார்கள். அங்கே அடுத்த நாளே கணக்கை ஒத்துப் பார்த்ததால் தெரிந்துவிட்டது. ஆகவே அக்கவுண்ட்ஸ் தங்கச்சி, வங்கி ஸ்டேட்மென்ட்டை மாதக் கடைசியில் மொத்தமாக ஒத்துப் பார்க்கிற பழக்கத்தை விடு. தினமும் காலையில், டீ வருவதற்குள் முந்தின நாள் கணக்கை டிக் அடித்துவிடு. பணம் நழுவியிருந்தால் பிடிக்க நேரம் கிடைக்கும்.

4. பாஸ்வேர்டும், அந்த டோக்கனும்

மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டாதே என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பென் டிரைவ் மாதிரி இருக்குமே, அதுதான். அதன் முதுகில் வெள்ளை டேப் ஒட்டி, டேப்பின் மேல் பின் நம்பரை எழுதி, கம்ப்யூட்டரிலேயே செருகி விட்டுவிடுகிறார்கள். ஆடிட்டர் ஆபீஸ் டிராயரைத் திறந்தால் பத்து முதலாளிகளின் கையெழுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கிறது. அது கையில் இருந்தால் முதலாளி பெயரில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். சட்டப்படி அது அவருடைய கையெழுத்துதான். வேலை முடிந்ததும் கழற்று, பீரோவில் வைத்துப் பூட்டு. பின் நம்பர் வேறு இடத்தில் இருக்கட்டும்.

பாஸ்வேர்டுக்கு என் குறுக்குவழி: சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுது. நீளம்தான் பலம். கம்பெனி பெயரும் ஒன்று இரண்டு மூன்றும் போட்டு வைத்தால் திருடன் முதலில் முயற்சி செய்வதே அதைத்தான். மாதா மாதம் மாற்று என்று பிடுங்கினால் எல்லோரும் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போகிறார்கள். அதனால் பிரயோஜனம் இல்லை. வெளியே கசிந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே மாற்று.

சாப்பாடு ஆர்டர் பண்ணுகிற ஆப்புக்கும் ஆபீஸ் மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்கவே வைக்காதே. அமெரிக்காவில் 2021 மே மாதம் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம் சில நாள் முடங்கி, பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. காரணம், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய கணக்கு. அதன் பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்த பட்டியல் ஒன்றில் இருந்தது. இரண்டாவது சரிபார்ப்பு என்று ஒன்று அந்தக் கணக்குக்குக் கிடையாது. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கட்டியது.

அதனால் வேலையை விட்டுப் போனவருக்குப் பூச்செண்டு கொடுக்கிற அன்றைக்கே அவர் மெயில், டேலி, வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலிருந்தும் பெயரை எடு. அவர் தங்கமானவராகவே இருக்கட்டும், அவர் பாஸ்வேர்டு எங்கே கசிந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. டேலியில் ஐந்து பேருக்கு ஒரே லாகின் இருந்தால் அதையும் பிரித்துக் கொடு. நாளைக்கு ஒரு என்ட்ரி தப்பானால் யார் போட்டது என்று ஐந்து பேரும் முழிக்க வேண்டியிருக்கும்.

5. நீ கேட்காமல் வருகிற ஓடிபி உன்னுடையது இல்லை

ஓடிபியைப் போனில் வாசித்துக் காட்டாதே. ஆபீஸ் குரூப்பில் போடாதே. குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கடைசியாக எப்போது பார்த்தாய்?

"நீங்கள்தானா? ஆம், இல்லை" என்று போனில் ஒப்புதல் கேட்கும் வகையும் உண்டு. ராத்திரி நேரத்தில் அது திரும்பத் திரும்ப அடிக்கும். தொல்லை விட்டால் போதும் என்று 'ஆம்' அழுத்தத் தோன்றும். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் திருடன் நுழைந்தது அப்படித்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு ஒப்புதல் கேட்டு வந்துகொண்டே இருந்தது, கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுவிட்டார். நீ லாகின் செய்யாதபோது அப்படி ஒன்று வந்தால் உன் பாஸ்வேர்டு அவன் கையில் இருக்கிறது என்று பொருள். 'இல்லை' அழுத்து, பாஸ்வேர்டை மாற்று, ஐ.டி. தம்பியைத் தூக்கத்திலிருந்து எழுப்பினாலும் பரவாயில்லை.

6. சின்னச் சின்னது, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்

• வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வருகிற ஃபைலின் வால் 'ஏபிகே' என்று முடிந்தால் தொடாதே. பத்திரிகை படமாக வரும், ஆப்பாக வராது.

• எக்ஸெல் ஃபைலைத் திறந்ததும் மேலே மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்டால், அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் அழுத்தாதே.

• டிசைன் பிரிவுத் தம்பிகளே, திருட்டு சாஃப்ட்வேர் போடும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறதே, ஏன் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா?

• எழுந்து போகும்போது விண்டோஸ் பட்டனும் 'எல்' பட்டனும் சேர்த்து அழுத்து. திரை பூட்டிக்கொள்ளும். டிபன் பாக்ஸை எடுக்கும்போதே இந்தக் கை வேலை முடிந்திருக்க வேண்டும்.

• எனி டெஸ்க் மாதிரி ஆப்பில் யாராவது தூரத்திலிருந்து சரி செய்து கொடுத்தால், வேலை முடிந்ததும் நீயே மூடு. நீ கூப்பிடாமல் தானாகப் போன் போட்டு "சரி செய்கிறேன்" என்கிறவருக்குத் திறக்கவே திறக்காதே.

• சம்பளப் பட்டியலை, பையர் விலையை ஏஐ சாட்டில் ஒட்டி "அழகாக்கிக் கொடு" என்று கேட்காதே. சாம்சங் ஊழியர்கள் ரகசிய நிரலை அப்படி ஒட்டியது 2023-இல் பெரிய தலைவலியானது.

• அப்டேட் கேட்டால் "அப்புறம்" என்று தள்ளிக்கொண்டே போகாதே. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும்போது அப்டேட்டைப் போட்டுவிட்டுப் போ.

7. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வை

"தினமும் பேக்கப் எடுக்கிறோம்கா." சரி, டிஸ்க் எங்கே? கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கிறது. ஃபைலைப் பூட்டுகிற வைரஸ் வந்தால் செருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும். இரண்டு டிஸ்க் வாங்கு. ஒன்று செருகும்போது இன்னொன்று ஆபீஸுக்கு வெளியே, பத்திரமான இடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருநாள் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பார். வருஷக்கணக்கில் எடுத்த பேக்கப் தேவைப்படுகிற அன்று திறக்காமல் போனால், மார்ச் 31-க்கு முன்னால் அந்தக் கணக்கையெல்லாம் மறுபடி ஏற்ற வேண்டியவள் நீதான்.

8. தெரியாமல் அழுத்திவிட்டாயா? மறைக்காதே

எல்லாவற்றையும்விட இதுதான் எனக்கு முக்கியம். தப்பாக அழுத்திவிட்டுப் பயத்தில் மெயிலை அழித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அழித்தால் தடயம் போகிறது, நேரம் போகிறது. அழுத்தியது ஒரு நொடித் தப்பு கண்ணு, அதற்காக உன்னைக் கொன்றுவிட மாட்டார்கள். இப்படிச் செய்:

• நெட் கேபிளைப் பிடுங்கு, வைஃபையை அணை. கம்ப்யூட்டரை ஆஃப் செய்யாதே, பார்க்கிறவர்களுக்கு உள்ளே இருக்கும் தடயம் வேண்டும். திரையை உன் போனில் ஒரு படம் எடு.

• ஐ.டி. தம்பிக்கும் மேலே இருப்பவருக்கும் உடனே சொல். மதியம் சாப்பிட்டுவிட்டு, நாளைக்குக் காலையில் என்று தள்ளாதே.

• வேறு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டை மாற்று.

• பணம் போயிருந்தால் முதலில் வங்கி, உடனே 1930. சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய். பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுவதற்குள் சொன்னால் வழியில் நிறுத்தி வைக்க முடிகிறது. நாங்கள் 9 நாள் கழித்துச் சொன்னோம்.

• முதலாளிக்கும் ஒன்று தெரிந்திருக்கட்டும். 2022-இல் சி.இ.ஆர்.டி-இன் என்ற மத்திய அரசு அமைப்பு போட்ட உத்தரவுப்படி, இப்படிப்பட்ட சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனி அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஊழியர் பயந்து ஒளித்தால் அந்த 6 மணி நேரம் எப்படிக் கிடைக்கும்?

பிரிவுத் தலைவர்களாக இருக்கிற அக்கா, அண்ணன்மார்களுக்கும் சொல்கிறேன். உங்களிடம் வந்து "அழுத்திட்டேன் சார்" என்று சொல்கிற பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள். அடுத்த முறை அவளும் சொல்ல மாட்டாள், பார்த்துக்கொண்டிருந்த மற்ற பத்துப் பேரும் சொல்ல மாட்டார்கள். அந்த 11 லட்சத்துக்குப் பிறகு எங்கள் பிரிவில் நான் மாற்றியது ஒன்றுதான். கணக்கு நம்பர் மாற்றம் எதுவானாலும் மாதக் கடைசி இரவு பத்து மணியானாலும் என்னைக் கூப்பிடலாம், நான் சலித்துக்கொள்ள மாட்டேன் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். முதல் மாதம் நான்கு முறை கூப்பிட்டார்கள். மூன்று முறை ஒன்றுமில்லை. நான்காவது முறை, மெயில் முகவரியில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது.